அண்மையில் நாம் வாசித்த அற்புதக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளும்



மன்றத்தின் ஆண்டு விழாவிலே பேசுமாறு எம்மைக் கேட்டபோது, சமய சம்பந்தமான விடயம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என்று செயலாளர் எதிர்பார்த்திருத்தல் கூடும். ஆயினும், கடந்த ஓராண்டாக நாமும் எம் நண்பர் சிலரும் கைமாற்றிக் கைமாற்றி வாசித்து வந்த சில நூல்களைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். அவை அற்புதக் கதைகளும் விஞ்ஞானக் கதைகளுமாம். பெரும்பாலும் ஆங்கில நூல்கள். மிஷன் பாடசாலையிற் படித்தமையால் எமக்கு வாய்த்த ஆங்கிலம் பரீட்சைக்கு உதவியதிலும் பார்க்க இவற்றை வாசிக்கவே அதிகம் உதவிற்று என்று சொன்னால் எம் ஆசிரியர்கள் கோபிக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

"பொய்க்கதைகளை வாசித்து ஏன் பொழுதைக் கழிக்கிறீர்கள்?" என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். அன்போடு கேட்டார், ஆதலின் மரியாதையோடு விடை கூறவேண்டியது எம் கடமை. எமது ஊரின் பெயரே ஒரு கதையிலிருந்து பிறந்ததன்றோ? குரக்கன் ஒட்டைச் சுட்டபோது ஓரிடம் மட்டும் வேகாது நிற்க, அவ்விடத்தில் இலிங்கம் தோன்றியதென்று சிறு பிள்ளையும் சொல்லும். மணிமேகலையைத் தெய்வம் ஆகாய மார்க்கமாக மணிபல்லவத்துக்குக் கொண்டு செல்கிறது. அம் மணிபல்லவம் நமது நயினாதீவே என்பார் பலர். சீவகசிந்தாமணியிலே சச்சந்தன் தன் தேவியை மயிற்பொறியில் ஏற்றி அனுப்புகிறான். விமானம் செய்யப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விமானத்தில் ஏறியவர்கள் நாம்.

ஆனால் இதைக் கொண்டு, "எல்லாம் எம் முன்னோர் கண்டுபிடித்தவையே" என்று மார்தட்டும் கூட்டத்தோடு எம்மைச் சேர்த்துவிடாதீர்கள். திருத்தக்கதேவர் இயந்திரம் செய்யவில்லை; கவி செய்தார். அதுவே போதும். புராணத்துக்கும் இக்கதைகளுக்கும் வேற்றுமையும் உண்டு. புராணம் கேட்பவன் கை கூப்புகிறான். இக்கதை வாசிப்பவன் கை கூப்புவதில்லை, "இப்படியும் நடந்தால்?" என்று கேட்டுக்கொள்கிறான். நம்பாமலே நம்புவது என்று ஒன்று உண்டு. கூத்துப் பார்க்கும் எவருக்கும் அது தெரியும்.

நிற்க. முதலில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்டவரிடமிருந்து தொடங்குவோம். ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர் 1956 இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 2008 மார்ச்சு 19 இல் கொழும்பிலேயே காலமானார். பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் வழியாக உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இலேயே கட்டுரை எழுதியவர். இவரும் இவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956 இல் திருக்கோணமலையின் சுவாமி மலையடியில் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் சிற்பங்களையும் கண்டனர். விண்ணைப் பற்றி எழுதியவர் நம் கோயிலைக் கடலடியிற் கண்டார். வில்சனோ பின்னாளில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி ஆனார். இதனை ஒருவர் கதையாக எழுதியிருந்தால், "நம்ப முடியவில்லை" என்று நாமே சொல்லியிருப்போம்.

கிளார்க் 1979 இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் நீரூற்றுக்கள்' என்னும் நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்னுயர்த்தி கட்ட வருகிறான் ஓர் எஞ்சினியர். அதற்குப் பூமத்தியரேகையில் உயர்ந்த மலையொன்று வேண்டும். ஆகவே ஆசிரியர் இலங்கையைத் தப்ரபேன் என்று பெயரிட்டு, தெற்கே நகர்த்திப் பூமத்தியரேகையில் வைத்துவிடுகிறார்! சிகிரியாவும் அதில் உண்டு; நாம் சிவனொளிபாதமலை என்று வணங்கும் மலையும் உண்டு. மலையுச்சியிலே மடம் அமைத்து வாழும் பிக்குமார் இடம்விட மறுக்கின்றனர். வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை அடையும் நாளில் மடம் நீங்கும் என்பது பழைய வாக்கு. ஒருநாள் காற்று அவற்றை உச்சிக்கு அடித்துச் சேர்க்க, பிக்குமார் வெளியேறுகிறார்கள்.

நூலின் விஞ்ஞானம் எம்மை வியக்க வைத்தது. ஆனால் இவ்விடம் எமக்குப் பிடிக்கவில்லை. பெரிய வேலையொன்றுக்கு ஒரு மலை வேண்டும் என்றால் அங்கிருப்போர் போகவேண்டியதுதான் என்று ஆசிரியர் இலகுவாக முடித்துவிட்டார். போகிறவர்கள் எங்கே போனார்கள், எதைச் சுமந்து போனார்கள் என்று அவர் நின்று பார்க்கவில்லை. வன்னியில் வாழ்பவர்கள் இதை வாசித்தால் அந்த இடத்திற் சற்று நின்றே தீருவார்கள்.

எச். ஜி. வெல்ஸ் நின்று பார்த்தவர். 1898 இல் நூலாக வந்த 'உலகங்களின் போர்' செவ்வாய்க் கிரகத்தார் இங்கிலாந்தைத் தாக்கும் கதை. தொடக்கத்திலேயே, ஐரோப்பியர் தஸ்மேனியத் தீவின் மக்களை அழித்ததை வெல்ஸ் தம் நாட்டவருக்கு நினைவூட்டிவிடுகிறார். பிறகு இலண்டன் மாநகரமே பெட்டி படுக்கைகளோடு தெருவில் இறங்கி ஓடுகிறது. எம்மில் சிலர் 2009 இன் தொடக்கத்தில் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளாய்ச் சைக்கிள் பாரில் இருந்து போனவர்கள். அந்த அத்தியாயம் எமக்குக் கற்பனையாகத் தோன்றவில்லை என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

இனி, இவ்வாண்டு வாசித்தவற்றுள் எம்மை அதிகம் ஆட்கொண்ட நூல். ஜே. ஆர். ஆர். ரொல்கீன் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பாகமாக வெளியிட்ட 'மோதிரங்களின் தலைவன்'. இதன் திரைப்படங்களை இங்குள்ள இளைஞரிற் பலர் தொலைபேசியிற் பார்த்திருப்பீர்கள். படம் பார்த்தவர்கள் அறியாத ஓர் அத்தியாயம் நூலின் கடைசியில் இருக்கிறது. படமெடுத்தவர்கள் அதை விட்டுவிட்டார்கள். அதற்காகவே நூலை வாசிக்கவேண்டும் என்போம்.

குள்ளர் நால்வர் பெரும் போர் முடிந்து ஊர் திரும்புகிறார்கள். ஊர் ஊராக இல்லை. மரங்கள் தறிக்கப்பட்டுக் கிடக்கின்றன. புதிய கட்டளைகள், புதிய காவலர், பழகிய முகங்களில் அச்சம். பிறந்தநாள் விருந்து நடந்த பெருமரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அவர்களுள் சாம் என்னும் தோட்டக்காரன், தேவமாதொருத்தி கொடுத்த மண்ணைச் சிறு பெட்டியில் வைத்திருக்கிறான். அதை ஒரே இடத்திற் கொட்டாமல், வெட்டுண்ட மரம் ஒவ்வொன்றின் இடத்திலும் கன்று நட்டு, ஒவ்வொரு மணலாக இட்டுச் செல்கிறான். பெருமரம் நின்ற இடத்தில் புதுவகை மரமொன்று முளைக்கிறது.

மீளக்குடியேறி வந்து, வீடு நின்ற இடத்தைக் கிணற்றை வைத்து அடையாளம் கண்டவர்கள் இச்சபையில் இருக்கிறீர்கள். சாமின் வேலை எத்தகையது என்பதை உங்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. ஆனால் நூல் இதோடு முடிந்திருந்தால் நல்லதொரு சிறுவர் கதையாகவே இருந்திருக்கும். சாமின் தலைவனான புரோடோ ஊரில் வாழ முடியாதவனாகிறான். பட்ட காயம் ஆண்டுதோறும் அதே நாளில் நோகிறது. ஊர் பிழைத்தது, ஊரைப் பிழைக்கவைத்தவனால் அங்கே இருக்க முடியவில்லை. ஈற்றில் கப்பலேறிப் போய்விடுகிறான். ரொல்கீன் 1916 இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் நின்றவர். நெருங்கிய நண்பருள் ஒருவரைத் தவிர ஏனையோரை 1918 க்குள் இழந்தவர். ஆகவேதான் வெற்றிக்குப் பின்னர் எல்லாருக்கும் சுகம் வந்தது என்று அவரால் எழுத முடியவில்லை போலும். நம்மிடையே சிலர் பேசாமலே இருக்கிறார்கள் அல்லவா? மீளக்குடியேறிப் பதினைந்து ஆண்டு கடந்தும் பேசாமல் இருக்கிறார்கள். நாம் அவர்களை, "இன்னும் ஏன் இப்படி?" என்று கேட்டுவந்தோம். இந்நூலை வாசித்த பின்னர் கேட்பதில்லை.

ரொல்கீனின் நண்பர் சி. எஸ். லூயிஸ். இவருடைய நார்னியாக் கதைகள் ஏழும் 1950 முதல் 1956 வரை வெளிவந்தவை. மிஷன் பாடசாலை நூலகத்தில் இவை தாராளமாகக் கிடைத்தன. கிடைத்தமைக்குக் காரணமும் உண்டு. அலுமாரியின் உள்ளே ஒரு தேசம், அதிலே ஒரு பையனுக்காக உயிர் விட்டு மீண்டும் எழும் சிங்கம். சிங்கம் யாரென்று ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் எம் தோழர்கள் உடனே அறிந்துகொண்டார்கள். நாமும் சிறிது தாமதித்து அறிந்துகொண்டோம். இதனாற் சில பெரியோர் அஞ்சுதல் கூடும். நாம் வாசித்தோம்; இன்றும் திருநீறு பூசியே உங்கள் முன் நிற்கிறோம்.

ஏழாவது நூலிலே சுவையான ஓரிடம் உண்டு. தாஷ் என்னும் வேறொரு தெய்வத்தை வாழ்நாள் முழுவதும் உண்மையாக வழிபட்ட போர்வீரன் ஒருவன் ஈற்றில் சிங்கத்தின் முன் நிற்கிறான். நீ அங்கே செய்த நல்வழிபாடெல்லாம் எனக்கே வந்து சேர்ந்தது என்ற கருத்துப்படக் கூறி, சிங்கம் அவனை ஏற்றுக்கொள்கிறது. எந்தத் தெய்வத்தை வணங்கினாலும் அத்தெய்வமாக வருபவர் சிவனே என்று சிவஞானசித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் சொல்லும் பொருளை இங்குள்ள பெரியோர் அறிவீர்கள். இரு கூற்றும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன பாருங்கள்! இருவருமே பெருந்தன்மையோடு வரவேற்கிறார்கள். ஆனால் இருவரும் தத்தம் வீட்டு வாசலிலே நின்றுதான் வரவேற்கிறார்கள். இதைப் பற்றி எம் கிறித்தவ நண்பரோடு ஓர் இரவு முழுவதும் வாதாடினோம். முடிவு காணவில்லை, நட்புக் கூடிற்று.

ரே பிராட்பரி என்னும் அமெரிக்கர் 1953 இல் எழுதிய 'பரனைற் 451' சிறிய நூல். காகிதம் தீப்பற்றும் வெப்பநிலை என்று அவர் அப்பெயரை வைத்தார். அந்த நாட்டில் தீயணைப்போர் தீயை அணைப்பதில்லை; புத்தகம் இருக்கும் வீடுகளைத் தேடிச் சென்று கொளுத்துகிறார்கள். யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் 1981 மே முடிந்து யூன் பிறக்கும் இரவிலே எரிக்கப்பட்டதும், சுமார் 97,000 நூல்கள் அழிந்ததும் இங்கு எல்லாரும் அறிந்தவை. நாம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாக முன்னர் நடந்தது அது. ஆயினும் இந்நூலைக் கையிலெடுத்த நாள் தொட்டு அது நேற்று நடந்தது போலாயிற்று.

கதையின் முடிவிலே, நகரத்தை விட்டு ஓடியவர்கள் காட்டோரமாகப் பழைய புகையிரதப் பாதையருகே ஒதுங்கி வாழ்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு நூலை மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். ஆளே நூல்! மேற்கு நாட்டவருக்கு இது வியப்பாக இருக்கும். நமக்கு வியப்பில்லை. எம்மில் ஒருவரின் அம்மம்மா 2009 இல் ஒரு கொப்பிகூட இல்லாமல் முகாமுக்குப் போனவர். தறப்பாள் கொட்டிலின் கீழே திருவாசகத்தைப் பதிகம் பதிகமாகச் சொல்லிக் கொடுத்தார். தில்லையிலே தேவார ஏடுகளைச் செல்லரித்த பின்னர் எஞ்சியவையே நமக்குக் கிடைத்தன என்பது வரலாறு. ஏடும் வேண்டும், நாவும் வேண்டும். நாவிலே வைத்திருப்பவர்கள் எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்; எம் வயதினருள் ஒரு பதிகத்தை முழுதாகச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? தொலைபேசியில் இருக்கிறதே என்று விடை வரும். பற்றரி இறங்கினால்?

தமிழில் எழுதியோரையும் சொல்லாமல் விடலாகாது. கிளார்க் இறப்பதற்குச் சரியாக மூன்று வாரம் முன்னர், 2008 பெப்ரவரி 27 இல், சென்னையிற் காலமானவர் சுஜாதா. இவருடைய 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்கள்தாம். ஜீனோ என்னும் இயந்திர நாய் மனிதரிலும் பார்க்க நன்றாகச் சிந்திக்கிறது. விறுவிறுப்பாக வாசித்தோம். சில இடங்களில் ஆசிரியர் அவசரப்படுகிறார். தொடர்கதையின் குணம் அது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' எந்த இயந்திரமும் இல்லாமலே இவை எல்லாவற்றையும் வென்றுவிடும் என்பது எமது தனிப்பட்ட அபிப்பிராயம்.

நம் நாட்டவரான வஜ்ர சந்திரசேகர 2023 இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ஒளிர் கதவுகளின் துறவி' நெபியூலா விருது பெற்றது. நிழலில்லாத ஒருவன், தந்தையைக் கொல்வதற்கென்றே தாயால் வளர்க்கப்பட்டவன். கலவரமும் முகாமும் அதிகாரம் பூண்ட சமயமும் அதில் வருகின்றன. தெற்கிலிருந்து ஒருவர் இவற்றை மறைக்காமல் எழுதினார் என்பதே எமக்குப் பெரிதாகப் பட்டது. நடை கடினம், இருமுறை வாசித்தோம்.

பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம். மன்றத்தின் வாசிகசாலையில் சமய நூலுக்கும் பாடநூலுக்கும் தட்டுக்கள் இருக்கின்றன. இக்கதைகளுக்கும் ஒரு தட்டு ஒதுக்கித் தாருங்கள். பதிலுக்கு நாமும் ஒன்று செய்ய ஆயத்தமாக இருக்கிறோம்: வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் மூத்தவர் ஒருவர் சொல்ல, இளையவர் இருவர் ஒரு பதிகத்தை மனனம் செய்வது, மறு வெள்ளி ஒப்புவிப்பது. இதற்கு ஒப்புக்கொண்ட பத்துப் பேரின் பெயர்ப் பட்டியல் செயலாளரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாம் குறிப்பிட்ட நூல்களில் ஆறு இன்று மேசையில் வைக்கப்பட்டுள்ளன. விரும்பியோர் பெயரெழுதி எடுத்துச் செல்லலாம். தவணை மூன்று வாரம். ரொல்கீனின் மூன்றாம் பாகத்துக்கு மட்டும் ஏற்கனவே இருவர் சொல்லி வைத்திருக்கிறார்கள்.