சுரங்கத் தொழிலாளியின் மகள்: லொரெட்டா லின்னின் வாழ்வும் பாட்டும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச என்னைப் பணித்தபோது, சங்கப் பாடலொன்றை எடுத்துக்கொண்டு பேசுவேன் என்றே நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நானோ அமெரிக்க மலைநாட்டுப் பாடகி ஒருவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. அது நான் செய்த பிழையொன்றைப் பற்றியது. அதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவி ஒருத்தி தான் எழுதிய கவிதையைக் கொண்டுவந்து காட்டினாள். கல் குவாரியில் வேலை செய்யும் தன் தந்தையைப் பற்றியது அது. 'அப்பா இருமுறப்ப வீடே இருமுது' என்று ஒரு வரி. நான் சிவப்பு மையால் அடித்து, 'தந்தை இருமுகையில் இல்லமே இருமுகின்றது' என்று திருத்தினேன். அவள் நன்றி சொல்லித் தாளை வாங்கிச் சென்றாள். அதன்பின் அவள் என்னிடம் ஒரு கவிதையும் காட்டவில்லை. நான் செய்தது என்ன என்பது, லொரெட்டா லின் என்னும் பாடகியின் பாட்டொன்றைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கிற்று.

லொரெட்டா பாடியது 'கண்ட்ரி' எனப்படும் இசை. இதனை நாட்டுப்புறப் பாடல் என்று பெயர்த்தால் பொருள் சற்றே பிறழும். நாட்டுப்புறப் பாடலுக்கு ஆக்கியோன் பெயர் தெரியாது. கண்ட்ரி பாட்டுக்கு ஆக்கியோன் உண்டு, இசைத்தட்டு உண்டு, வணிகமும் உண்டு. ஆயினும் இதன் வேர் நாட்டுப்புறத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாடுகளிலிருந்து வந்து அப்பலாச்சிய மலைப்பகுதியில் குடியேறியோரின் கதைப்பாடல்களும், தேவாலயப் பாடல்களும், கறுப்பின மக்களின் புளூஸ் இசையும், ஆப்பிரிக்க வழிவந்த பாஞ்சோ என்னும் நரம்புக் கருவியும் கலந்து உருவானது இது. 1925இல் நாஷ்வில் நகர வானொலியில் தொடங்கிய 'கிராண்ட் ஓல் ஓப்ரி' நிகழ்ச்சியும், 1927இல் பிரிஸ்டல் நகரில் நிகழ்ந்த இசைத்தட்டுப் பதிவுகளும் இதனை நாடறியச் செய்தன.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, வான் லியர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரையடுத்து, புட்சர் ஹாலோ என்னும் சிறு பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே 1932 ஏப்ரல் 14ஆம் நாள், எட்டு மக்களுள் இரண்டாமவராக லொரெட்டா பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. ஓரறைப் பள்ளியில் பெற்ற கல்வியே கல்வி. தந்தை வாங்கிவந்த மின்கல வானொலியில் சனிக்கிழமை இரவுகளில் ஒலித்த ஓப்ரி நிகழ்ச்சியே அவர் அறிந்த வெளியுலகம்.

1948 சனவரியில் ஆலிவர் லின் என்பவரை மணந்தார். பதினான்கு வயது நிறையுமுன் மணந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதினார். 2012இல் வெளிவந்த ஆவணங்களோ அப்போது அவருக்கு வயது 15 எனக் காட்டின. தன்வரலாற்றை அப்படியே சான்றாகக் கொள்ளலாகாது என்று நாம் மாணவர்க்குச் சொல்வதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. எனினும் பதினைந்தும் சிறுவயதே. மணமான பின் கணவருடன் நாட்டின் வடமேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார். இருபத்தொரு வயது நிறைவதற்குள் நான்கு குழந்தைகளுக்குத் தாயானார்.

குழந்தைகளை உறங்கவைக்க அவர் பாடும் குரலைக் கேட்டு, 17 டாலர் விலையில் ஒரு கிதாரைக் கணவர் வாங்கித் தந்தார். ஆசிரியர் எவரும் இல்லை, தாமே பழகினார். தாமே பாட்டும் கட்டினார். 1960இல் 'நான் ஒரு ஹாங்கிடாங்க் பெண்' என்று பொருள்படும் தலைப்பில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. சிறு நிறுவனத்தின் தட்டு, விளம்பரத்திற்குப் பணமில்லை. கணவனும் மனைவியும் காரில் ஊர் ஊராகச் சென்று, வானொலி நிலையங்களின் கதவைத் தட்டி, அத்தட்டைத் தம் கையாலேயே கொடுத்தனர். பில்போர்டு இதழின் கண்ட்ரி வரிசையில் அது 14ஆம் இடம் பெற்றது. சிறுமியாக வானொலியில் கேட்ட ஓப்ரி மேடையில் அதே ஆண்டு அவர் நின்று பாடினார்.

நாஷ்வில்லில் அவருக்குத் துணைநின்றவர் பேட்ஸி கிளைன் என்னும் புகழ்மிக்க பாடகி. 1961இல் கார் விபத்தில் காயமுற்று பேட்ஸி மருத்துவமனையில் கிடந்தபோது, லொரெட்டா அவருடைய பாட்டையே வானொலியில் பாடி அவருக்குப் படைத்தார். கேட்ட பேட்ஸி அப்பெண்ணை அழைத்துவரச் செய்தார். அன்று தொடங்கிய நட்பு ஈராண்டும் நிலைக்கவில்லை. 1963 மார்ச்சில் விமான விபத்தில் பேட்ஸி மறைந்தார். மறு ஆண்டு தமக்குப் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளுள் ஒன்றுக்கு லொரெட்டா அவர் பெயரை இட்டார்.

இனி, அவர்தம் பாட்டுக்கு வருவோம். லொரெட்டாவுக்கு முன்னும் கண்ட்ரி இசையில் பெண்கள் பாடினர். ஆனால் அவர்களுள் பலர் பிறர் எழுதியதைப் பாடினர். அப்பாட்டுகளில் பெண் பெரும்பாலும் காத்திருந்தாள், அழுதாள், மன்னித்தாள். லொரெட்டாவின் பாட்டில் வரும் பெண் பதில் சொல்கிறாள். குடித்துவிட்டு வந்து அன்பு கேட்கும் கணவனைத் தடுத்து நிறுத்தும் பாட்டு, 1967இல் கண்ட்ரி வரிசையின் முதலிடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது. அவர் பாட்டுகளுள் முதலிடம் பெற்றது அதுவே முதன்முறை. வியட்நாம் போர்க்காலத்தில், கணவனைப் போருக்கு அனுப்பிய மனைவி அரசை நோக்கிப் பேசுவதாகத் தாம் எழுதிய பாட்டொன்றை 1966இல் வெளியிட்டார். மணவிலக்குப் பெற்ற பெண்ணை ஊர் எந்தக் கண்ணால் பார்க்கிறது என்பதை 1972இல் பாடினார். இவை மேடையில் பேசத் தயங்கிய செய்திகள். அடுப்படியில் நாள்தோறும் பேசிய செய்திகள்.

கருத்தடை மாத்திரை பற்றிய பாட்டு இவற்றுள் பெரும் பூசலை எழுப்பியது. அஃது அவர் எழுதியதன்று. பிறர் எழுத அவர் பாடியது. 1972இல் பதிவு செய்த அப்பாட்டை நிறுவனம் 1975 வரை வெளியிடவில்லை. வெளிவந்ததும் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. மறுப்பையும் மீறி அது வரிசையில் 5ஆம் இடம் பெற்றது. ஆறு குழந்தைகளைப் பெற்ற தாய் அதனைப் பாடினார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. இதற்கிடையே, கண்ட்ரி இசைச் சங்கம் 1972இல் ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருதினை அவருக்கு அளித்தது. அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே.

நான் தொடக்கத்தில் குறிப்பிட்ட பாட்டு, 1970இல் வெளிவந்த 'சுரங்கத் தொழிலாளியின் மகள்' என்பது. இளமையில் தாம் வாழ்ந்த வீட்டை அதில் பாடுகிறார். தந்தையின் உழைப்பு, துணி துவைத்துப் புண்ணான தாயின் விரல்கள், மண்ணெண்ணெய் விளக்கு, குளிர்காலத்துக்கு மட்டும் காலணி. வருந்திப் பாடவில்லை, பெருமையடித்துக் கொள்ளவுமில்லை. உள்ளதை உள்ளவாறு எண்ணிச் சொல்கிறார்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. 'பிறந்தேன்' என்பதற்கு இப்பாட்டில் அவர் ஆளும் சொல்வடிவம் ஆங்கில இலக்கணத்தின்படி வழு. ஆனால் அது மலைநாட்டார் வாய்ச்சொல். 'கடினம்', 'களைப்பு' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களை அடியிறுதியில் இயைபாக வைக்கிறார். ஏட்டு ஆங்கிலத்தில் அவை இயையா. புட்சர் ஹாலோ உச்சரிப்பில் இயைகின்றன. அச்சொற்களைத் திருத்தினால் பொருள் கெடாது; ஆனால் பாட்டு கெடும். பாடுபவள் அந்த வீட்டு மகளாக இல்லாது போய்விடுவாள். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று நாம் பகுத்துக் கற்பிக்கிறோம். உலக வழக்கே செய்யுளின் உயிராக நிற்கும் இடமும் உண்டு என்பதை இப்பாட்டால் உணர்ந்தேன்.

அப்பாட்டு முதலில் இன்னும் நீளமாக இருந்தது. பதிவை மேற்பார்த்த ஓவன் பிராட்லி நீளத்தைக் குறைக்கச் சொன்னார்; சில கண்ணிகள் நீக்கப்பட்டன. ஆகவே திருத்தமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பிராட்லி தேர்ந்த கலைஞர், வெட்டவும் அறிந்தவர். ஆனால் பதிவான பாட்டைக் கேளுங்கள்: குறைந்தது நீளம், மலைநாட்டு நா அப்படியே இருக்கிறது. நானோ என் மாணவியின் நாவையே அறுத்தேன்.

மற்றுமொன்று. நம் அகத்திணை மரபில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுவதில்லை. பெயர் நீங்கினால் பாட்டு எல்லார்க்கும் உரியதாகும் என்பது அதன் கருத்து. லொரெட்டா நேர்மாறான வழியில் செல்கிறார். ஊரின் பெயரைச் சொல்கிறார், தந்தையின் தொழிலைச் சொல்கிறார், எத்தனை மக்கள் என்று எண்ணிக்கையும் சொல்கிறார். இருந்தும் அது பிறர் வீடாகவும் ஆகிறது. கென்டக்கியைக் கண்ணால் காணாத எனக்கு, அப்பாட்டைக் கேட்டபோது நினைவுக்கு வந்தது குவாரித் தூசி படிந்த ஒரு வீடு.

அத்தந்தை 1959இல் காலமானார். மகளின் முதல் தட்டு வெளிவந்தது 1960இல். எவருடைய தொழிலைப் பாட்டின் தலைப்பாக வைத்தாரோ, அவர் தம் மகளின் இசைத்தட்டு ஒன்றையும் கேட்டதில்லை. 1976இல் வந்த தன்வரலாற்றுக்கும், 1980இல் வந்த திரைப்படத்துக்கும் அப்பாட்டின் தலைப்பே பெயராயிற்று. படத்தில் லொரெட்டாவாக நடித்துத் தம் குரலிலேயே பாடிய சிஸி ஸ்பேசெக், சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றார்.

அவரைப் புரட்சிப் பெண்ணாக மட்டும் காட்டுவதும் பொருந்தாது. கணவரின் குடியையும் பிற பெண்களுடனான தொடர்பையும் பாட்டில் சாடியவர், அக்கணவருடன் 1996இல் அவர் இறக்கும்வரை வாழ்ந்தார். அவரின்றித் தமக்கு இசைவாழ்வே இல்லை என்றும் சொன்னார். பாட்டில் பேசிய பெண் வேறு, வாழ்வில் பொறுத்த பெண் வேறு என்று சிலர் குறை காணலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விட்டு விலக இயலாத இடத்திலிருந்துகொண்டு உண்மையைச் சொல்வதும் துணிவுதான். நம்மிடையே எழுதும் பெண்கள் பலருக்கு இது விளக்கவேண்டாத செய்தி.

1984இல் மூத்த மகன் ஆற்றில் மூழ்கி இறந்தார். துயரங்கள் வந்தன, பாட்டு நிற்கவில்லை. 2004இல், தம் 72ஆம் வயதில், தம்மினும் நாற்பது ஆண்டுக்கு மேல் இளையவரான ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டுடன் சேர்ந்து 'வான் லியர் ரோஸ்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அஃது இரண்டு கிராமி விருதுகளைப் பெற்றது. தலைப்பில் மீண்டும் அந்தச் சுரங்க ஊர்! 2013இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் கிடைத்தது. 2017இல் பக்கவாதம் தாக்கியது. அதன்பின்னும் 2021இல் தம் ஐம்பதாவது தொகுப்பை வெளியிட்டார். 2022 அக்டோபர் 4ஆம் நாள், டென்னசி மாநிலத்திலுள்ள தம் வீட்டில் 90ஆம் வயதில் மறைந்தார்.

அன்பர்களே, பத்தாண்டுகளில் நம் வட்டம் பல கவிஞர்களுக்கு மேடை தந்துள்ளது. புதியவர் ஒருவர் படித்து முடிக்குமுன் 'இந்தச் சொல் வேண்டா' என்று நாம் குறுக்கிட்ட நாள்களும் உண்டு. குறுக்கிட்டவர்களுள் நானும் ஒருத்தி. பதினொன்றாம் ஆண்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கலாம் என்பது என் வேண்டுகோள். புதியவரின் கவிதையை அவர் குரலில், அவர் ஊர்ச் சொல்லில், இருமுறை முழுமையாகக் கேட்போம். பிறகு வேண்டுமாயின் நீளத்தைப் பற்றிப் பேசுவோம்.

என் மாணவி இப்போது எங்கிருக்கிறாள் என்று அறியேன். 'அப்பா இருமுறப்ப வீடே இருமுது' என்ற அவள் வரி மட்டும் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. நான் திருத்தி எழுதியதை இவ்வுரைக்காக முயன்று நினைவுகூர வேண்டியிருந்தது. எது கவிதை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.