கைச்செலவைக் குறைக்கலாம், மருந்தைக் குறைக்கக் கூடாது
(மூத்த குடியிருப்பாளர்களுக்காகச் சமூக மன்றத்தில் ஆற்றப்பட்ட உரை)



கொவிட்-19 காலத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகள் நடப்பில் இருந்தன. டாக்சி ஓட்டுநர்கள், சுற்றுலா வழிகாட்டிகள், உணவகங்களில் பகுதிநேரமாக வேலை செய்தவர்கள் எனப் பலரின் வருமானம் சட்டென்று குறைந்தது.

வீட்டுச் செலவும் மாறியது. பேருந்து, எம்ஆர்டி கட்டணமும் வெளிச்சாப்பாட்டுச் செலவும் குறைந்தன. எல்லாரும் நாள் முழுவதும் வீட்டிலேயே இருந்ததால் மளிகை, மின்சாரம், தண்ணீர்ச் செலவு கூடியது. வீட்டுக் கடன் தவணையும் காப்புறுதிச் சந்தாவும் இருந்தபடியே இருந்தன.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 3,000 வெள்ளி வந்து, அத்தனையும் செலவாகும் ஒரு வீடு. வருமானம் 1,500 வெள்ளியாகக் குறைகிறது. வெளிச்செலவில் 300 வெள்ளி மிச்சம். வீட்டுச் செலவில் 100 வெள்ளி கூடுதல். அப்படியும் 1,300 வெள்ளி பற்றாக்குறை. அந்த ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் 600 வெள்ளி வழங்கியது. அது கைகொடுத்தது. ஆனால், இத்தகைய பற்றாக்குறை மாதக்கணக்கில் நீடித்தால் என்ன செய்வது?

பல வீடுகளில் பெரியவர்கள்தான் முதலில் தங்கள் தேவையைக் குறைத்துக்கொள்கிறார்கள். "பிள்ளைக்குப் பாரமாக இருக்கக் கூடாது" என்று எண்ணி, இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குகிறார்கள். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடுகிறார்கள். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்றும் சொல்கிறார்கள்.

ஐயா, அம்மா, இதுதான் ஆபத்து. மாத்திரையை நிறுத்தினால் இரத்த அழுத்தம் வலி எதுவும் காட்டாமலே ஏறும். பக்கவாதமோ மாரடைப்போ வந்த பிறகுதான் தெரியும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் சிறுநீரகம், கண், கால் ஆகியவை பாதிக்கப்படலாம். அப்போது மருத்துவமனைச் செலவு வரும். உங்களைப் பார்த்துக்கொள்ள மகனோ மகளோ வேலையை விட நேர்ந்தால், வீட்டு வருமானம் மேலும் குறையும். மாத்திரையில் மிச்சம்பிடித்த தொகை இதற்கு ஈடாகாது.

பணம் போதவில்லை என்றால் இவற்றைச் செய்யுங்கள்:

• மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். விலை குறைந்த மாற்று மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தின் அளவை நீங்களாக மாற்றாதீர்கள்.

• சாஸ் திட்டத்தில் பங்கேற்கும் மருந்தகங்களில் நாட்பட்ட நோய்ச் சிகிச்சைக்குக் கட்டணக் கழிவு உண்டு. முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சிறப்புக் கழிவு உண்டு. போகும்போது அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

• நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோய்களுக்கான சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். உங்கள் கணக்கில் பணம் இல்லாவிட்டால் பிள்ளைகளின் மெடிசேவையும் பயன்படுத்தலாம்.

• கழிவுகள் போக மீதமுள்ள கட்டணத்தையும் கட்ட இயலாவிட்டால், அரசாங்க மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ மருத்துவச் சமூக ஊழியரைச் சந்தித்து மெடிஃபண்ட் உதவி பற்றிக் கேளுங்கள்.

• சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் சிரமம் என்றால் சமூக சேவை அலுவலகத்துக்குச் செல்லுங்கள். காம்கேர் தொலைபேசி எண் 1800-222-0000.

நெருக்கடி நேரத்தில் மோசடிக்காரர்களும் வருவார்கள். அரசாங்க அதிகாரிகள் தொலைபேசியில் அழைத்துப் பணத்தை மாற்றிவிடச் சொல்ல மாட்டார்கள். வங்கிக் கணக்கின் மறைச்சொல்லையும் கேட்க மாட்டார்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற எண்ணை அழையுங்கள். கடன்முதலைகளிடம் ஒரு வெள்ளிகூட வாங்காதீர்கள்.

உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். இந்த நாட்டுக்காக உழைத்தவர்கள் நீங்கள். இத்திட்டங்கள் உங்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டவை.

இன்றிரவு வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகள், அவற்றின் மாதச் செலவு, அடுத்து மருத்துவரைப் பார்க்க வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். செலவைக் குறைக்க வேண்டிய நாள் வந்தால் எல்லாரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். அந்தத் தாளில் உள்ளவற்றை மட்டும் குறைக்காதீர்கள்.