குறுக்குக் காற்றும் மோட்டார் சைக்கிள் பயணமும்

 

தோட்ட மக்களின் வாழ்வில் மோட்டார் சைக்கிள் இன்று இன்றியமையாத இடத்தைப் பெற்றுவிட்டது. பால் வெட்டச் செல்லும் தந்தையும், பட்டணத்துத் தொழிற்சாலைக்குச் செல்லும் மகனும் மகளும், பிள்ளையைப் பள்ளியில் விட்டுவரும் தாயும் அதனையே நம்பியுள்ளனர். அதே வேளையில், நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. வேகத்தைப் பற்றியும் குடிபோதையைப் பற்றியும் பலரும் உங்களிடம் பேசியிருப்பார்கள். கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் ஆபத்தைப் பற்றி இன்று நாம் பேசுவோம். பக்கவாட்டிலிருந்து வீசும் பலத்த காற்றே அந்த ஆபத்து.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வாழ்வோர் இக்காற்றை நன்கறிவர். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் சுமத்ரா தீவின் மீதும் மலாக்கா நீரிணையின் மீதும் இரவில் இடிமேகங்கள் திரள்கின்றன. அவை வரிசையாக அணிவகுத்துக் கிழக்கு நோக்கி நகர்ந்து, விடியற்காலையிலோ காலை வேளையிலோ நம் கரையை அடைகின்றன. இவற்றைச் 'சுமத்ரா' என்றே வானிலை அறிஞர்கள் அழைக்கின்றனர். முதலில் குளிர்ந்த காற்று திடீரென வீசும். அதனைத் தொடர்ந்து பெருமழை கொட்டும். ஓரிரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை எட்டக்கூடும். நீங்கள் பெரட்டுக்குப் புறப்படும் நேரமும் இக்காற்று வரும் நேரமும் ஏறக்குறைய ஒன்றே என்பதை எண்ணிப் பாருங்கள். கிழக்குக் கரையில் உள்ளோர்க்கு நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று இத்தகைய சோதனையைத் தருகின்றது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். நம்மவர் பெரும்பாலும் ஓட்டும் 'கப்சாய்' வண்டியின் எடையோ சுமார் 100 கிலோகிராம்தான். லாரியைச் சற்றே அசைக்கும் காற்று, இந்தச் சிறு வண்டியைச் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கே தள்ளிவிடக்கூடும்.

இனி, காற்று எங்கே நம்மைத் தாக்கும் என்பதைப் பார்ப்போம். கித்தா மர நிரைகளுக்கு நடுவே செல்லும் செம்மண் சாலையில் காற்று அவ்வளவாகத் தெரியாது. இருபுறமும் மரங்கள் மதிலைப்போல் நின்று காக்கின்றன. அம்மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடமே ஆபத்தான இடம். பழைய மரங்களை வீழ்த்திக் கன்று நட்டிருக்கும் மறுநடவுப் பகுதி, ஆற்றுப் பாலம், வயல்வெளி, இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளம் ஆகிய இடங்களில் காற்று ஒரே அடியாக வந்து மோதும். 1985ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலமும், 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் இரண்டாவது பாலமும் கடலின்மேல் செல்வதால் அங்குக் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. உங்கள் வீட்டிலிருந்து வேலையிடம் வரையுள்ள வழியில் இத்தகைய இடங்கள் எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அவற்றை அடையும் முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காற்று வீசத் தொடங்கும் கணத்தைப் போலவே, அது திடீரென நிற்கும் கணமும் ஆபத்தானது. இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். நாம் சாலையின் இடப்பக்கத்தில் செல்கிறோம். காற்று வலப்பக்கத்திலிருந்து வீசுகிறது. அதனை எதிர்த்து நிற்க நாம் வண்டியை வலப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கிறோம். அப்பொழுது எதிரே ஒரு பெரிய லாரி வருகிறது. அது நம்மைக் கடக்கும் கணத்தில் காற்றை முற்றாக மறைத்துவிடும். காற்று நின்றதும், சாய்ந்திருந்த வண்டி வலப்பக்கமாகவே, அதாவது அந்த லாரியை நோக்கியே செல்லும். லாரி கடந்ததும் காற்று மீண்டும் மோதி நம்மைச் சாலையோரத்துக் கால்வாய்ப் பக்கம் தள்ளும். இவையனைத்தும் இரண்டு மூன்று விநாடிகளில் நடந்து முடிந்துவிடும். எனவே, காற்று வலப்பக்கமிருந்து வீசும்போது எதிரில் லாரியோ பேருந்தோ வரக்கண்டால், முன்னதாகவே வேகத்தைத் தணித்து, நடுக்கோட்டிலிருந்து நன்கு விலகிச் செல்ல வேண்டும். காற்று பலமாக உள்ளபோது லாரியை முந்திச் செல்ல முயலவே கூடாது.

காற்று இடப்பக்கமிருந்து வீசினால் அது நம்மை நடுக்கோட்டுப் பக்கம் தள்ளும். அவ்வேளையில் சாலையின் இடப்புறத்தை ஒட்டிச் செல்வது நன்று. ஆயினும் தார் முடிந்து மண் தொடங்கும் ஓரத்தில் சக்கரம் இறங்கலாகாது. எப்பக்கம் காற்று வீசினாலும், தள்ளப்படுவதற்கு இடம் விட்டே ஓட்டுக.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு விநாடியில் 25 மீட்டரைக் கடந்துவிடுகிறார். 45 கிலோமீட்டரில் செல்பவரோ பன்னிரண்டரை மீட்டர்தான் கடக்கிறார். வண்டி தடம் மாறினால் அதனைத் திருத்திக்கொள்ள அவருக்கு இரு மடங்கு அவகாசம் கிடைக்கிறது. அதற்காக ஆமைபோல் ஊர்வதும் தகாது. மிகக் குறைந்த வேகத்தில் வண்டி நிலைகொள்ளாது தள்ளாடும்.

பிடியை இறுக்கிக் கைகளை விறைப்பாக வைத்திருந்தால், காற்று உடம்பை அசைக்கும்போதெல்லாம் வண்டியின் தலையும் அசையும். ஆகவே முழங்கைகளைச் சற்று மடக்கி, தோள்களைத் தளர்த்தி, உடலை முன்னோக்கித் தாழ்த்திக்கொள்ள வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை மெல்ல முன்னோக்கி அழுத்தினால், ஓடும் வண்டி அப்பக்கமாகச் சாய்ந்து காற்றைத் தாங்கும். ஈரச் சாலையில் திடீரெனப் பிரேக்கை அழுத்தலாகாது. எண்ணெயைச் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

சுமையிலும் கவனம் தேவை. பக்கத்தில் தொங்கும் வெறும் பால் வாளியும், பின்னால் உயரக் கட்டிய புல்லுக்கட்டும் காற்றைப் பாய்மரம்போல் வாங்கும். முன்கூடையில் உள்ள பொருளோ வண்டியின் தலையையே திருப்பிவிடும். சுமையைத் தாழ்வாகவும், இருபுறமும் சமமாகவும், இறுகவும் கட்டுங்கள். மழைச்சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு பறக்கவிடாதீர்கள். 1973ஆம் ஆண்டு முதல் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்ட தலைக்கவசத்தின் வாரைப் பூட்டாவிட்டால், அது காற்றில் கழன்று போகும். பின்னால் அமர்ந்திருப்பவர் ஓட்டுநரை ஒட்டி அமர வேண்டும். குடை விரிக்கக் கூடாது.

மேற்கு வானம் கறுத்து, குளிர்காற்று முகத்தில் அடித்தால் வண்டியை நிறுத்துவதே அறிவுடைமை. ஆனால் கித்தா மரத்தடியில் ஒதுங்காதீர்கள். பலத்த காற்றில் அம்மரம் எளிதில் முறியும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மேம்பாலத்தின் அடியில் சாலையை அடைத்து நிற்பதும் ஆபத்தே. கடை, பேருந்து நிறுத்தம், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென அமைத்துள்ள ஒதுங்குமிடம் ஆகியவற்றை நாடுங்கள்.

"நின்றால் வேலைக்குப் பிந்திவிடுமே, கூலி குறையுமே" என்று நீங்கள் கேட்கலாம். அது நியாயமான கவலைதான். ஆயினும், காற்றைத் தொடர்ந்து வரும் மழை மரப்பட்டையை நனைத்துவிடும். மழைக்காப்பு இல்லாத மரத்தில் பட்டை காயும்வரை பால் வெட்ட இயலாது. வெட்டினாலும் பால் கோட்டில் வழியாமல் பட்டையில் பரவி வீணாகும். அப்படியிருக்க, அந்த அரை மணி நேரத்துக்காக உயிரைப் பணயம் வைத்து விரைவது எதற்கு? தொழிற்சாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும், "காற்றடித்தால் நின்று வா, பிந்தியதற்குக் காரணம் சொல்லிக்கொள்ளலாம்" என்று பெற்றோரே சொல்லி அனுப்புங்கள். தாமதத்துக்கு ஏச்சு விழும் என்ற அச்சமே பல இளைஞர்களைக் காற்றிலும் மழையிலும் விரட்டுகிறது. வீட்டில் கேட்ட அந்த ஒரு சொல் வழியில் அவர்களுக்குத் துணை நிற்கும்.

வீட்டிலிருந்து வேலையிடத்துக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துக்குச் சொக்சோ பாதுகாப்பு உண்டு. அந்த உரிமையைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் மாதந்தோறும் வரும் உதவித்தொகை, மாலையில் வீடு திரும்பும் தந்தைக்கு ஈடாகுமா?

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் வாக்கு. வானத்தைப் பார்த்துப் புறப்படுங்கள். வெட்டவெளியில் வேகத்தைத் தணியுங்கள். காற்று மிஞ்சினால் நின்று செல்லுங்கள்.