கருவில் முதல் ஏழு நாள்



மணிவாசகப் பெருமான் போற்றித் திருவகவலிலே, கரு தாய் வயிற்றில் மாதந்தோறும் கடக்கும் இடர்களை வரிசையாகச் சொல்லியிருப்பதை நாம் அறிவோம். அந்த முதல் மாதத்தின் முதல் ஏழு நாளை மாத்திரம் இன்று எடுத்துக்கொள்வோம்.

விந்தும் சூலும் ஒன்றுபட்டதும் உண்டாவது ஒரேயொரு கலம். அதன் குறுக்களவு ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு. வெளியே மென்சவ்வு, உள்ளே குழியவுரு, அதனுள் தந்தை வழி 23, தாய் வழி 23 ஆக 46 நிறமூர்த்தங்கள். இக்கலம் இரண்டாகி, நான்காகி, மூன்றாம் நாளளவில் எட்டாகிறது. முளையம் பருப்பதில்லை, கலங்களே சிறுக்கின்றன. ஐந்தாம் நாள் அது நீர் நிறைந்த சிறு பந்து. வெளிப்புறக் கலங்கள் நச்சுக்கொடியை ஆக்கும். உள்ளே ஒதுங்கிய சிறு திரளிலிருந்தே உடல் உருவாகும். ஏழாம் நாளளவில் பந்து கருப்பைச் சுவரிற் பதிகிறது.

எக்கலம் எதுவாகும் என்பதை எது தீர்மானிக்கிறது? போலந்து தேசத்து அறிஞர் தர்க்கோவ்ஸ்கி 1959 இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். இரண்டு கலங்களாயிருந்த சுண்டெலி முளையத்தில் ஒன்றை ஊசியால் அழித்தார். எஞ்சிய கலத்திலிருந்து பாதி எலி அன்று, முழு எலியே பிறந்தது. நம் வயலிலே வெற்றிடம் விழுந்தால் பக்கத்துப் பயிர் கூடுதலாக மட்டம் வெடித்து அதை நிரப்புவதில்லையா? அது போன்றதே இது. எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகளே உள்ளன. கலம் வெளியே நிற்கிறதா, உள்ளே அகப்பட்டதா என்பதைப் பொறுத்துச் சில விழிக்கின்றன, சில உறங்குகின்றன.

இவ்வறிவு ஏட்டோடு நின்றதன்று. கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகர்ஜி, உடலுக்கு வெளியே கருவுறச் செய்த எட்டுக் கல முளையத்தை உறைய வைத்து, 53 நாளின் பின் தாயின் கருப்பையிற் சேர்த்தார். 1978 ஒக்டோபர் 3 இல் பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து பத்து வாரமே ஆகியிருந்தது. உறைந்த முளையத்திலிருந்து பிற நாட்டில் குழந்தை பிறந்ததோ 1984 இல்தான். ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொல்லை நம்ப மறுத்தது. மனமுடைந்த அவர் 1981 ஜூன் 19 இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986 இல் பிறந்த குழந்தையே இந்தியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் பெயர் பெற்றது. அதற்குக் காரணரான விஞ்ஞானி ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, முதன்மை அவருக்கே உரியதென 1997 இல் எழுதினார். தமக்கு வந்த புகழைத் தாமே விட்டுக்கொடுத்த அப்பெருந்தகைமையை என்னென்போம்!

சகோதரர்களே, ஆராயாமல் தீர்ப்புக் கூறும் பிழை அக்குழுவோடு ஒழிந்ததா? குழந்தையில்லாத வீட்டிலே பெண்ணை மாத்திரம் குறை கூறி, நற்காரியத்தில் அவளை ஒதுக்கும் வழக்கம் நம் வன்னிக் கிராமங்களிலும் உண்டு. குறை ஆணிடத்தும் இருக்கலாம். அன்றியும், கருவுற்றவற்றுள் பல, தாயே அறியாமல் முதல் வாரங்களிலேயே கலைந்து போகின்றன. இது எவர் செய்த பாவமும் அன்று. அடுத்த மங்கல விழாவிலே அத்தகைய சகோதரி ஒருத்தியை முன்வரிசைக்கு அழைத்து அமர்த்துவோம். பெரியோர்கள் அதற்கு வழிகாட்டுவார்களாக.