யுத்தம் முடிந்த பின் தருமர்

(சாணார்பட்டியில் நம் சங்கத்தார் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



பாரத யுத்தம் 18 நாட்களில் முடிந்ததென்பதை யாவரும் அறிவோம். வென்றவருடைய மனம் அதன்பின் என்னவாயிற்று என்பதை நம்மில் பலர் சிந்தித்ததில்லை. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தைச் சௌப்திக பருவத்தோடு நிறுத்திக்கொண்டமையால், பிற்பகுதி நமக்கு அத்துணைப் பழக்கமாகவில்லை. வியாசருடைய மூலத்திலோ, 18 பருவங்களுள் மிகப் பெரியது யுத்தத்திற்குப் பிற்பட்ட சாந்தி பருவமேயாகும்.

அதன் தொடக்கத்தைக் கவனிப்போமாக. பாண்டவர் வென்றவுடனே நகரம் புகவில்லை. இறந்தோர்க்கு நீர்க்கடன் செய்து, கங்கைக்கரையில் ஒரு மாதம் தங்கினர். நாரதர் வந்து க்ஷேமம் விசாரித்தார். கர்ணன் தமக்கு மூத்தவன் என்பதைக் காலங் கடந்து அறிந்த தருமரோ, இராஜ்யம் வேண்டாம், வனம் செல்வேன் என்றார். தம்பியர் கடிந்தனர், பாஞ்சாலியும் கடிந்தாள். கடிந்ததனால் துயரம் தீரவில்லை. வியாசரும் கண்ணபிரானும் பொறுமையுடன் தேற்றினர். முடி சூடிய பின்னும் அவரைப் பீஷ்மரிடம் அழைத்துச் சென்றனர். தருமர் வினவ வினவ, அம்புப் படுக்கையிற் கிடந்த பிதாமகர் சலியாது விடையளித்தார். அப்பிதாமகர் மறைந்து நீர்க்கடன் முடிந்ததும், தருமர் மீண்டும் சோர்ந்து கங்கைக்கரையில் வீழ்ந்தார். ஆறிய புண் மறுபடியும் திறக்கக்கூடும் என்பதையும் நம் முன்னோர் மறைக்கவில்லை.

இத்துயரத்தை ஒரு தனி நோயென்று அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 1980இல் ஏற்றுக்கொண்டது. வியத்நாம் யுத்தத்தினின்று மீண்டவர்க்குப் போஸ்டன் நகரில் சிகிச்சை செய்த ஜோனதன் ஷே என்னும் வைத்தியர், ஹோமர் என்னும் கிரேக்கப் புலவர் பாடிய அக்கிலீஸ் என்ற வீரனுடைய துயரத்தோடு அவர்கள் துயரத்தை ஒப்பிட்டு 1994இல் ஒரு நூல் இயற்றினார். பட்டதைச் சொல்லவும், நம்பிக் கேட்கும் சுற்றத்தார் இருக்கவும் வேண்டுமென்பது அவர் கண்ட முடிவு. கங்கைக்கரையிலும் பீஷ்மர் முன்னும் நிகழ்ந்தது இதுவே அன்றோ?

இரண்டாம் மகாயுத்தத்தில் சுமார் 25 இலட்சம் இந்தியர் பட்டாளத்தில் சேவித்தனர். 1987 முதல் 1990 வரை இலங்கையிலும், 1999இல் கார்கிலிலும் நம் தேசத்துப் படையினர் போர் புரிந்தனர். அவ்வாறு மீண்ட ஒருவர், தீபாவளி வெடிக்கு நடுங்குகிறார்; இரவில் உறங்காதிருக்கிறார்; குழந்தைகளிடம் காரணமின்றிச் சீறுகிறார்; மதுவை நாடுகிறார். நாம் என்ன செய்கின்றோம்? பேய் என்று கோடாங்கியை அழைக்கின்றோம். அல்லது, இவ்வீட்டிற் பெண் எடுப்பார்களோ என்று அஞ்சி மறைக்கின்றோம். குல கௌரவம் காப்பதாக எண்ணி, குலத்தைக் காக்கச் சென்றவரைத் தனியே விடுகின்றோம். தருமருக்கு வந்தது நம் பிள்ளைக்கு வந்தால் இழுக்காகுமா?

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பம். முதலாவது, படையினின்று மீண்டவரிடம், எத்தனை பேரைக் கொன்றாய் என்று வினவாதிருங்கள். அவராகச் சொல்லும்போது இடைமறியாது கேளுங்கள். இரண்டாவது, அரசினர் ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் அழைத்துச் செல்லக் கூசாதீர்கள். 14416 என்னும் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். மூன்றாவது, அவருடைய மனைவியையும் தாயையும் மறவாதீர்கள். அவ்வீட்டின் பாரம் பெரும்பாலும் அவர்கள் தலைமேலேயே இருக்கின்றது.

வீரனை மாலையிட்டு வரவேற்பது ஒருநாட் காரியம். அவன் நெஞ்சம் வீடு வந்து சேருமட்டும் உடனிருப்பதே சுற்றத்தார் கடமை என்று கூறி, இவ்வளவில் அமைகின்றோம்.