குட்டைக்கு மீன் வந்த வழி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கோடையில் வெடித்துக் கிடந்த குட்டை மாரி மழையால் நிரம்புகின்றது. சில நாட்களில் அதிலே சிறு மீன்கள் துள்ளுகின்றன. இவை எங்கிருந்து வந்தன? வானத்திலிருந்து வீழ்ந்தன என்பர் சிலர். இதனை முற்றாகத் தள்ளிவிட முடியாது. 2014 மே மாதத்திற் சிலாபத்தை அடுத்த கிராமமொன்றில் மழையோடு மீன்கள் வீழ்ந்தனவெனச் செய்தி வெளிவந்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஊர்தோறும் குட்டைகள் மீன் பெறுவதற்கு இவ்வரிய நிகழ்ச்சி போதாது.

முதற் காரணம் வெள்ளம். பெருமழையிற் குளமும் வயலும் வாய்க்காலும் ஒரே நீர்ப்பரப்பாகின்றன. அவ்வேளை நீந்தி வரும் மீன்கள், வெள்ளம் வடிந்ததும் பள்ளங்களில் தங்கிவிடுகின்றன. இன்று தனித்திருக்கும் குட்டை நேற்றுத் தனித்திருக்கவில்லை.

இரண்டாவது, தரைவழி. பனையேறிக் கெண்டைக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு. செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரநிலத்தில் அது ஊர்ந்து செல்லும்.

மூன்றாவது, சேறு. விரால் முதலியன நீர் வற்றும்போது ஈரச் சேற்றினுட் புதைந்திருந்து காலங் கழிக்க வல்லன. இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமேர்சன் தெனன்ற், 1861இல் வெளியிட்ட நூலில் இவற்றை விரித்தெழுதினார். மொசாம்பிக் நாட்டு மழைக்குட்டைகளில் வாழும் ஒருவகைச் சிறுமீன் இன்னும் வியப்புக்குரியது. குட்டை வற்ற அது இறந்துவிடும். அதன் முட்டைகளோ காய்ந்த மண்ணிற் பல மாதம் உறங்கி, அடுத்த மழைக்குப் பொரிக்கும்.

நான்காவது, பறவை. வாத்து விழுங்கிய கெண்டைமீன் முட்டைகளுள் மிகச் சில, எச்சத்தோடு உயிருடன் வெளிவருவதை ஹங்கேரிய ஆய்வாளர் 2020இற் காட்டினர்.

அன்பர்களே, இவற்றுள் நம் கையிலிருப்பது முதல் வழியே. நாம் சிறுவயதிற் கரப்புக் குத்தி மீன் பிடித்த குட்டைக்கு இன்று மீன் வருவதில்லை. வீதியை உயர்த்தினோம், மதகு வைக்க மறந்தோம். வேலியை நகர்த்தினோம், வெள்ளவாய்க்கால் ஒடுங்கியது. மீன் வராத குட்டையில் நுளம்புக் குடம்பிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ண அங்கு எவருமில்லை. குட்டையைத் தூர்த்தவர் மீது மட்டும் பழி கூறுவதிற் பயனில்லை. பார்த்திருந்த நாமும் பொறுப்பாளிகளே.

ஆகவே இளைஞர்களே, இம்மாரியில் மண்வெட்டியுடன் சிரமதானத்திற்குப் புறப்படுமுன் ஊர்ப் பெரியோரிடம் ஒன்று கேளுங்கள்: "இக்குட்டைக்குத் தண்ணீர் எவ்வழியாக வந்தது?" அவ்வழியைத் திறந்துவிடுவோம். மீன் தானே வரும்.