வடநாட்டுக் குளிரும் வீட்டு வெந்நீரும்

தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்து, தொழிலின் பொருட்டு டில்லியிலும் லக்னோவிலும் சண்டிகரிலும் குடியேறிய நமக்குக் குளிர் என்பது புதிதாகக் கற்க வேண்டிய பாடமாகும். மார்கழிப் பனியை நாம் அறிவோம். அது விடியலோடு வந்து வெயிலோடு போய்விடும். வடநாட்டுக் குளிரோ டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை சுவரிலும் தரையிலும் தண்ணீர்க் குழாயிலும் குடியிருக்கும். இரண்டு மாதந்தானே என்று எண்ணி, நம்மிற் பலர் அதற்கென வீட்டை ஆயத்தம் செய்வதில்லை. கடைக்குச் சென்று ஒரு ஹீட்டர் வாங்குகிறோம். பிறகு மின்சாரக் கட்டணச் சீட்டைக் கண்டு திகைக்கிறோம். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் வீடாயின் கவலை இன்னும் அதிகம்.

முதலில் வெந்நீரின் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். குழாய் நீர் 15 டிகிரியில் வருவதாகக் கொண்டால், 20 லிட்டர் வாளியை 40 டிகிரிக்குக் கொண்டுவர 500 கிலோ கலோரி செலவாகும். மின்சாரத்தில் இது ஏறக்குறைய 0.6 யூனிட். மின்கம்பியைச் சூடாக்கி நீரைக் காய்ச்சும் எந்தக் கருவியும் இதற்குக் குறைவாக வாங்கிக்கொள்ளாது. வாளிக்குள் தொங்கவிடும் 1,500 வாட் கம்பி இதை 25 நிமிடத்திற்குள் முடித்துவிடும். சிக்கனத்தில் அது கெய்ஸருக்குத் தோற்றதன்று, தோற்பது பாதுகாப்பில். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கையில் சூடு பார்க்க விரலை இடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செருகியைப் பிடுங்கிய பிறகே வாளியைத் தொட வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அக்கம்பியே வேண்டாம் என்பது நம் கருத்து.

கெய்ஸரில் 25 லிட்டரை 60 டிகிரிக்குக் காய்ச்ச 1.3 யூனிட் ஆகும். அதனுடன் குளிர்ந்த நீரைக் கலந்தால் 45 லிட்டர் குளிக்கும் வெந்நீர் கிடைக்கும். அதாவது இரண்டு வாளிக்குச் சற்று மேல். செலவு மிகுவது அதன் பின்னர்தான். ஸ்விட்சை அணைக்காமல் அலுவலகம் சென்றுவிட்டால், யாருமில்லாத வீட்டில் நீர் ஆறுவதும் மறுபடி காய்வதுமாகப் பகல் முழுவதும் கழியும். கெய்ஸரின்மேல் ஒட்டியுள்ள நட்சத்திரச் சீட்டு இந்தச் சும்மா இருக்கும் நேரத்து இழப்பையே அளந்து சொல்லுகிறது. நட்சத்திரம் மிகுந்தால் உறை நன்றாகச் சூட்டைக் காக்கும் என்று பொருள். குளிக்கும் முன் அரைமணியோ முக்கால் மணியோ போட்டு, பிறகு அணைத்துவிடும் வீட்டில் இவ்விழப்பு பெரிதன்று. உப்பு நீர் வரும் பகுதிகளில் கம்பியின்மேல் சுண்ணப் படிவம் ஏறும். அதை ஆண்டுக்கொருமுறை நீக்கச் செய்யாவிடில் நீர் காய நேரமாகும், கம்பியும் விரைவில் கருகும்.

நம் பாட்டிமார் வீட்டில் நடுவே புகைக்குழாய் வைத்த செப்பு பாய்லர் இருந்ததைப் பலர் நினைவுகூர்வர். கொட்டாங்கச்சியும் கரியும் நடுக்குழாயில் எரியும். சுற்றிலும் நீர் நிற்கும். நெருப்பின் சூடு வெளியே ஓடுமுன் நீரே அதை வாங்கிக்கொள்ளும். மராட்டிய வீடுகளில் இது பம்ப் எனப்படும். இமாசலப் பிரதேசத்தில் இவ்வமைப்பையே ஹமாம் என்று அழைத்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். எரிபொருள் அருமையான காலத்தில் அமைந்த நல்ல பொறியியல் அது. ஆயின் அடுக்குமாடி வீட்டிற்குப் பொருந்தாது.

இக்காலத்தில் அதன் இடத்தைப் பிடிக்கத்தக்கது சூரிய வெந்நீர்க் கலம். பெங்களூரில் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே மாடிக்கு மாடி அது நிற்கிறது. சூடேறிய நீர் இலேசாகி மேலே உள்ள தொட்டிக்குத் தானே ஏறும். குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்பு வேண்டுவதில்லை. வடக்கே வாங்குவோர் இரட்டைக் கண்ணாடிக்கு இடையே காற்றை அகற்றிய குழாய்கள் கொண்டதைத் தேர்வது நலம். தெர்மாஸ் குடுவையைப் போல் அது சூட்டைக் காக்கும். தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். டில்லியில் மூடுபனி கவிந்த நாள்களில் அது கைகொடாது. அன்றைக்கு மட்டும் மின்சாரத் துணை. நான்காம் மாடியில் இருப்பவருக்கு இது பெரும் இலாபம். தரைத்தளத்தில் இருப்பவரோ, நீண்ட குழாயில் நிற்கும் குளிர்நீர் முழுவதையும் வடித்த பிறகே வெந்நீர் காண்பார். குழாய்க்கு உறையிடாத கட்டடத்தில் அவர் இதற்குப் பணம் போடுமுன் யோசிக்க வேண்டும்.

இனி அறையின் சூடு. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி தரும். சிவந்து ஒளிரும் கம்பி ஹீட்டரும், காற்றை ஊதும் ஹீட்டரும், எண்ணெய் நிரப்பிய ஹீட்டரும் தருவது அதே அளவுதான். ஒன்று மற்றொன்றைவிடச் சிக்கனம் என்று விற்பவர் கூறுவதை நம்ப வேண்டாம். வேறுபாடு, சூடு எங்கே செல்கிறது என்பதில் உள்ளது: ஒளிரும் கம்பி எதிரில் அமர்ந்திருப்பவரைச் சுடும், மற்றவை அறைக் காற்றைச் சுடும். 2,000 வாட் ஹீட்டர் நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 300 யூனிட். குளிரூட்டும் பெட்டியிலேயே சூடேற்றும் வசதியும் உள்ள வகையொன்று உண்டு. அது சூட்டைப் புதிதாக உண்டாக்காமல் வெளிக்காற்றிலிருந்து இறைத்து உள்ளே கொணர்வதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் அளவுச் சூடு தரவல்லது. கோடைக்கு எப்படியும் பெட்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கருதலாம்.

ஆனால் எதை வாங்கினும், சூடு வெளியே ஓடும் வழியை முதலில் அடைக்க வேண்டும். வடநாட்டு வீடுகள் பெரும்பாலும் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை: மொசேக் தரை, இடைவெளி விட்ட சன்னல், கூரையருகே காற்றுத் துவாரம். கதவடியில் துணிச் சுருள், கனத்த திரை, தரையில் ஊரிலிருந்து கொணர்ந்த பவானி ஜமக்காளம், இவையே பாதி ஹீட்டரின் வேலையைச் செய்யும். நமக்குத் தெற்கு என்பது தென்றலின் திசை. டில்லியில் அது வெயிலின் திசை. டிசம்பர் இறுதியில் உச்சிவேளைச் சூரியன் அங்கே 38 டிகிரி உயரத்தில்தான் நிற்பதால், தெற்குச் சன்னல் வழியே அறையின் நடுவரை வெயில் விழும். பகலில் திரையை விலக்கி, மாலை நான்கு மணிக்கே மூடிவிட வேண்டும். லடாக்கில் லே நகருக்கு அருகே உள்ள செக்மால் பள்ளி வளாகத்தின் மண் கட்டடங்கள், தெற்குக் கண்ணாடி வழியே வரும் வெயிலைக் கொண்டே அந்தக் கடுங்குளிரைத் தாங்குகின்றன.

அடைத்து வைத்தல் மின்சாரச் சூட்டுக்கு மட்டுமே உரியது. நெருப்பு எரியும் அறைக்கு அது எமன். அங்கீட்டியில் கரியிட்டுக் கதவைச் சாத்தி உறங்கிய குடும்பம் காலையில் எழாத செய்தி வடநாட்டுப் பத்திரிகைகளில் குளிர்காலந்தோறும் வருகிறது. புகை அடங்கிய கரி தீங்கற்றது என்று எண்ணுவதே கேடு. கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் அதனோடு ஒட்டிக்கொள்ளும். குளியலறைக்குள் மாட்டிய எரிவாயு கெய்ஸரும் இதே வாயுவை வெளியிடக் கூடும். ஒரு வாளிக்கு அது சுமார் 60 கிராம் எரிவாயுவே செலவழிக்கும், சிக்கனமானதுதான். ஆயினும் அதை வெளிச்சுவரிலோ திறந்த பால்கனியிலோ மாட்டிக் குழாய் வழியே நீரை உள்ளே கொணர வேண்டும். வாடகை வீட்டில் அது ஏற்கெனவே உள்ளே இருந்தால், மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேட்போம். மாற்றும்வரை அதைப் பயன்படுத்த வேண்டாம்.

நெருப்பு எரியும் இடத்தில் தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, உறக்கக் கலக்கம் ஆகியவை தோன்றினால் அதைக் குளிரின் சோர்வு என்று விட்டுவிடலாகாது. குளியலறையில் சென்றவர் குரல் கொடுத்தும் விடை தராவிடில் கதவை உடைத்தேனும் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, எரிவாயுவை அடைத்து, உடனே மருத்துவமனைக்கு எடுத்துச்செல்ல வேண்டும். அங்கே பிராணவாயு கொடுப்பார்கள். எந்த அறையில், எவ்வளவு நேரம், என்ன எரிந்தது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.